மலை ஏறும்போது சூடாகி நின்றுபோகும் பழைய டீசல் பிக்கப்: ஹெட்டை இறக்குவதற்கு முன்

கேட்கப்பட்டது இதுதான். 2007 மாடல் டீசல் பிக்கப், டீசலை அழுத்தி, இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசில்களுக்கு அனுப்புவது ரோட்டரி பம்ப், மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. ஒட்டன்சத்திரத்தில் உரமூட்டையும் மளிகையும் ஏற்றி, பழனி வழியாகக் கொடைக்கானல் போகிறது. இறங்கும்போது கேரட், பீன்ஸ். தரையில் ஓடும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. மலையில் பாதி தூரம் ஏறியதும் இழுவை குறைகிறது, ஹீட் முள் சிவப்பை நெருங்குகிறது, கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் ஓரம்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று. தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்தாயிற்று. இப்போது ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடிப் பாகத்தை, இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்களில் பாதி கேஸ்கட்டோடு பொருந்தவில்லை. டீசல் வண்டி வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். சூடாவதும் நின்றுபோவதும் சேர்ந்து வந்தால், சூட்டால்தான் நிற்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். பெட்ரோல் வண்டியில் அது பல நேரம் உண்மை. சூட்டில் இக்னிஷன் காயில் செத்துப்போகும், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். டீசலுக்குத் தீப்பொறியே கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் அது எரிகிறது. தண்ணீர் 105 டிகிரி ஆகிவிட்டது என்பதற்காக டீசல் இன்ஜின் எரிவதை நிறுத்தாது. சூட்டினாலேயே அது நிற்க வேண்டுமென்றால் பிஸ்டன் இறுக வேண்டும். அப்படி இறுகினால் கரகரவென்று சத்தம் வரும், பிரேக் பிடித்ததுபோல வண்டி இழுத்துக்கொண்டு நிற்கும், செல்ஃப் அடித்தால் சுற்றாது. அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகாது.

ஆகவே, உங்கள் வண்டி ஆஃப் ஆவது டீசல் கிடைக்காமல்தான் என்பது என் கணிப்பு. அந்த அரை மணி நேரத்தில் இன்ஜின் ஆறுகிறது, சரி. அதே அரை மணி நேரத்தில் வேறு சிலவும் நடக்கின்றன. டேங்கில் வெற்றிடம் இருந்தால் மெல்லக் காற்று உள்ளே புகுந்து சமமாகிறது. டேங்கின் உறிஞ்சு குழாய் வாயில் ஒட்டிக்கொண்ட இலையோ பிளாஸ்டிக் துண்டோ விடுபட்டு அடியில் படிகிறது. பம்ப்புக்குள் இருக்கும் டீசல் ஆறிக் கெட்டியாகிறது. இந்த மூன்றில் எது வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் ஆக்கியது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்ஜின் ஆறியதால் சரியானது என்று எடுத்துக்கொண்டால் ஹெட்டில்தான் போய் நிற்போம்.

அடுத்த முறை நிற்கும்போது எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியதுபோல பட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். முதலில் இழுவை போய், ரெண்டு மூன்று முறை குலுக்கி, மூச்சு வாங்கி நின்றால் டீசல் பற்றாக்குறை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

நின்றவுடன் வண்டியை முதலில் பத்திரப்படுத்துங்கள். ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கல். இன்ஜின் நின்றால், பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் புதிதாக வராது. ரெண்டு மூன்று மிதியில் இருப்பதும் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். நியூட்ரலில் பின்னால் உருட்டி ஓரம்கட்டலாம் என்ற நினைப்பே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

கல்லை வைத்த கையோடு டீசல் டேங்க் மூடியைத் திறங்கள். பானட்டைத் திறப்பதற்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் பத்து நிமிடம் தள்ளிச் செய்தால் சாட்சி போய்விடும். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. என்னிடம் இப்படி ஒரு வண்டி வந்தது. மூடி தொலைந்து, வேறு ஏதோ மூடியைப் போட்டு, ஆட்டம் தெரியாமல் இருக்கச் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி இறுக்கியிருந்தார் டிரைவர். டீசல் திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. தரையில் ஓடும்போது குடிக்கும் டீசல் குறைவு, எப்படியோ சமாளித்தது. மலையில் முழு மிதியில் ஒரு மணி நேரம் ஏறினால் டேங்க் உள்ளுக்குள் உறிஞ்சப்பட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். அந்த வண்டிக்கு அதற்குள் நாசில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, பம்ப்பையும் ஒருமுறை இறக்கியிருந்தார்கள். நான் செய்தது அந்த ட்யூபை உருவி எறிந்து, துளை உள்ள மூடி ஒன்று போட்டதுதான்.

சத்தம் வரவில்லையா? ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்ப்பை அழுத்திப் பாருங்கள். அது நிறைய பேசும். ரெண்டு மூன்று அழுத்தலில் கெட்டியாகிவிட்டால் ஃபில்டர்வரை டீசல் நிறைந்து இருக்கிறது என்று பொருள். அழுத்தினால் கீழேயே போய், மேலே எழும்பாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே அடைப்பு. எத்தனை முறை அழுத்தினாலும் கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. டீசல் வெளியே சொட்டாது என்பதால் இந்த ஓட்டையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப்வரை உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் டீசலை வெளியே விடுவதற்குப் பதிலாகக் காற்றை உள்ளே இழுக்கும். ஒரு முழம் டிரான்ஸ்பரன்ட் டீசல் ஹோஸ் வாங்கி, ஃபில்டருக்கு வரும் லைனில் நடுவே மாட்டி இன்ஜினை ரேஸ் செய்து பாருங்கள். சோடாபோலக் குமிழி ஓடினால் காற்று. இணைப்புகளில் இருக்கும் செம்பு வாஷர்களையும் பழைய ஹோஸ்களையும் மாற்றுங்கள். விலை சொற்பம்.

ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேள்வியில் இல்லை. மாற்றுவதற்கு முன் பழையதன் அடியில் இருக்கும் தண்ணீர்த் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். துரு நிறத்தில் தூள் படிந்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும், ஃபில்டர் மட்டும் மாற்றினால் ஒரு மாதம் தாங்காது.

இவற்றையெல்லாம் ஒரே அடியில் தீர்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் ஊற்றி, பானட்டுக்குப் பக்கத்தில், சைலன்ஸர் சூடு படாத இடத்தில், ஆடாமல் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, புது ஃபில்டருக்குக் கேனிலிருந்தே ஹோஸ் கொடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே விடுங்கள், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். காற்றை வெளியேற்றிவிட்டு, எங்கே வழக்கமாக நிற்குமோ அந்த ஏற்றத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்து கிளம்பி அதைத் தாண்டிப் பாருங்கள். கூட ஒரு ஆள் இருக்கட்டும். வண்டி நிற்காமல் ஏறினால் கோளாறு டேங்கிலோ, குழாயிலோ, பழைய ஃபில்டரிலோ, ஃபீட் பம்ப்பிலோதான். இன்ஜினைத் தொடவே வேண்டாம். அப்போதும் நின்றால் ரோட்டரி பம்ப்.

பம்ப்பைப் பற்றி ஒரு காட்சி சொல்கிறேன். ரோட்டரி பம்ப்புக்கும் ஹெட் என்று ஒரு பாகம் உண்டு, இன்ஜின் ஹெட் வேறு, அதற்குள் ரோட்டர் நூலிழை இடைவெளியில் சுற்றுகிறது. தேய்ந்துவிட்டால் குளிர்ந்த, கெட்டியான டீசலில் அழுத்தம் வரும். சூடாகி இளகிய டீசல் அந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும், நாசிலைத் திறக்குமளவு அழுத்தம் வராது. ரெண்டு முறை ஹெட் இறக்கப்பட்ட ஒரு பிக்கப்பைக் கொடைக்கானல் வழியில் பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்தேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, புகைகூட வரவில்லை. ஒரு சாக்கை நனைத்து, பம்ப்பின் மேல் மட்டும் சுற்றி, கேனில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முதலில் சாக்கிலிருந்து ஆவி வந்தது, அப்புறம் நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்ஜின் பிளாக் இன்னும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருந்தது. செல்ஃப் ஒரு சுற்று சுற்றியதும் பிடித்துக்கொண்டது. ஓனர் பானட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமலே நின்றார். ரெண்டு ஹெட் வேலைக்குக் கொடுத்த காசு அவருக்குக் கண்முன் வந்திருக்கும். பம்ப் கடையில் ஹெட்-ரோட்டர் மாற்றிக் காலிபரேஷன் செய்த பிறகு அந்தத் தொல்லை போயே போய்விட்டது. பம்ப்பில் மட்டும் ஈரத்துணி, பிளாக்கிலோ ஹெட்டிலோ தண்ணீர் படக் கூடாது. இதை மறக்காதீர்கள்.

பட்டென்று நிற்கும் வகையாக இருந்தால் பம்ப்பின் தலையில் இருக்கும், சாவிக்கேற்ப டீசலைத் திறந்து அடைக்கும் மின் வால்வான ஸ்டாப் சொலினாய்டைப் பாருங்கள். சாவியை ஆன் செய்யும்போது டிக் என்று ஒரு சத்தம் வர வேண்டும். நின்ற இடத்தில் அந்தச் சத்தம் இல்லை என்றால், ஒரு டெஸ்ட் பல்பை வைத்து ஒயரில் கரன்ட் வருகிறதா பாருங்கள். கரன்ட் வந்தும் டிக் இல்லையென்றால் சொலினாய்டு, கரன்டே வரவில்லையென்றால் ஒயரிங் அல்லது சாவி சுவிட்ச். டீசலைக் கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டியாக இருந்திருந்தால் இந்த இடத்தில், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைச் சொல்லியிருப்பேன். அது சூட்டில் அறுந்து ஆறினால் சேரும், அறிகுறி அப்படியே இதேதான். உங்கள் வண்டியில் அது கிடையாது.

இனி சூடு. முதலில் ஒன்று சொல்ல வேண்டும், இந்தச் சூட்டில் ஒரு பங்கு டீசல் கோளாறாலேயே வந்திருக்கலாம். டீசல் போதாமல் இழுவை குறைந்தால் நீங்கள் கியரை இறக்குவீர்கள், மிதியை முழுக்க அழுத்துவீர்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி நடை வேகத்தில் போகும், முன்னால் காற்று அடிக்காது. ரோட்டரி பம்ப்பில் இன்னொன்றும் உண்டு. டீசல் பீய்ச்சும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்னால் தள்ளுவது பம்ப்புக்குள் இருக்கும் டீசல் அழுத்தம்தான். அது குறைந்தால் டைமிங் பின்வாங்கும், டீசல் தாமதமாக எரியும், சூடு ஹெட்டிலும் எக்ஸாஸ்டிலும் ஏறும். அதனால்தான் டீசல் பக்கத்தை முதலில் சரிசெய்யச் சொல்கிறேன்.

அதன் பிறகும் முள் ஏறினால் எப்போது ஏறுகிறது என்பதைப் பாருங்கள். தரையில் எண்பதில் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் குறைவு: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப். மெதுவாகப் போகும்போதும் நிறுத்தி ஓடவிடும்போதும் ஏறினால் காற்று குறைவு: ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கவசம். பழைய பிக்கப்புகளில் அந்தக் கவசம் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஏதோ ஒரு வேலைக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் இன்ஜின் அறைக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். கிரில்லுக்கு முன்னால் ஏர் ஹாரன், கூடுதல் விளக்கு, படம் போட்ட ஃப்ளெக்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். சூட்டுக்கேற்ப இறுகும் கிளட்ச் வைத்த விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியென்றால், சூடான இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றுங்கள். தேனில் சுற்றுவதுபோலப் பிடிமானம் இருக்க வேண்டும். சைக்கிள் சக்கரம்போல ஓடினால் அந்தக் கிளட்ச் முடிந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதை நான் ஏற்கவில்லை. பல பழைய டீசல்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு சிறு தட்டு இருக்கும். வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு கீழே இறங்கிக் குறுக்குவழியை அடைக்கும், சூடான தண்ணீர் முழுக்க ரேடியேட்டருக்குப் போகும். கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினையே சுற்றி வரும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை, பாரம் ஏற்றி மலை ஏறும்போது சூட்டைக் கூட்டும். தரையில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசலும் கூடுதலாகக் குடிக்கும். புதிதாக ஒன்று வாங்கி, மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். 82 டிகிரி என்று அச்சிட்டிருந்தால் அதையொட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். 0.9 பார் மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் அதே உயரத்தில் 115 டிகிரிவரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்த இருபது டிகிரி இடைவெளி முழுவதும் போய்விடும். பழனியில் கொதிக்காத வண்டி மேலே போய்க் கொதிப்பதற்கு இது ஒன்றே போதும். மூடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அழுத்தத்தில் புதிது வாங்குங்கள். அதிக எண் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், பழைய ஹோஸும் ரேடியேட்டர் தொட்டியும் தாங்காது.

ரேடியேட்டர் சுத்தம் என்று எதைச் செய்தார்கள் என்று கேளுங்கள். ஹோஸால் தண்ணீர் அடித்தது சுத்தம் ஆகாது. போர் தண்ணீர் ஊற்றி ஓடிய வண்டியில் உள்குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கும். நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் முகம் முழுவதும், தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பமானி கன்னால் பாருங்கள், மேலிருந்து கீழாகச் சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. பளபளக்கும் உலோகத்தில் அந்த கன் குறைத்துக் காட்டும், கறுப்பு ஹோஸ் மேல் காட்டினால் நம்பலாம். டேஷ்போர்டு முள்ளே பொய் சொல்கிறதா என்பதையும் இதே கன் சொல்லிவிடும். வெளிப்பக்கம் இன்ஜின் பக்கமிருந்து முன்னால் நோக்கித் தண்ணீர் அடித்தால்தான் வைக்கோலும் பூச்சியும் வெளியே வரும்.

இன்னும் ரெண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். கீழ் ஹோஸ், ரேஸ் கொடுக்கும்போது உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறதா? ஏறி நிறுத்தியதும் நான்கு சக்கரத்து நடுப்பகுதியிலும் கன்னைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது, அந்தப் பாரத்தையும் சேர்த்து இன்ஜின் இழுக்கிறது.

நடுவழியில் கொதித்தால், தண்ணீர் இன்னும் இருந்து பெல்ட்டும் ஓடினால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டாம், ஓரம்கட்டிப் பாரமில்லாமல் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறங்கள். தண்ணீர் கொட்டிப்போயிருந்தால் உடனே ஆஃப். மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும். காய்ந்த இன்ஜினில் ஓடைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டில் விரிசல் விட்ட வண்டிகள் நான் பார்த்ததில் ஒன்றிரண்டல்ல.

கேஸ்கட் சந்தேகத்துக்கு வருவோம். காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை விளிம்புவரை நிரப்புங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், வாட்டர் பம்ப் சுற்றித் தண்ணீரைக் கலக்காமல் இருக்கும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், ரேஸ் கொடுத்துப் பாருங்கள். சிலிண்டரின் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், தண்ணீருக்குள் போகிறதென்றால் குமிழி நிற்காமல் வரும், சில நேரம் தண்ணீரையே தூக்கி வெளியே கொட்டும். அசையாமல் நின்றால் நல்ல செய்தி. ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசை இருக்கிறதா, வெளியே சொட்டாமலே தண்ணீர் குறைகிறதா, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆன ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுகிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஐட்லிங்கில் விட்டு, இறங்கும் அளவை நிரப்பி மூடுங்கள். முதல் முறை பாதி லோடோடு ஏறுங்கள். மறுநாள் காலை ஒரு விரல் அளவு இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறிய இடம் அது. நிரப்பிவிட்டு ஓட்டுங்கள். அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் இறங்கிக்கொண்டே போனால் பெல்ட்டைக் கழற்றி அந்தக் குமிழிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். அப்போது குமிழி வந்தால் ஹெட்டை இறக்குங்கள். இறக்கியவுடன் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடாமல், லேத்தில் கொடுத்து வளைவும் விரிசலும் பார்த்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.